42 கிலோமீற்றர் ஓட்டமும் ஒரு பிள்ளையின் பஸ் காசும்

விடியப்புறம் நாலரை மணிக்கு ஏ9 வீதியோரம் ஒரு ஆள் தனியாக ஓடினால், கிளிநொச்சியில் அதைப் பார்ப்பவர்களுக்கு முதலில் வருவது பயம்தான். நான் ஓடத் தொடங்கிய முதல் கிழமை, பால் கொண்டு சைக்கிளில் வந்த ஐயா ஒருவர் பிரேக் பிடித்து இறங்கிவிட்டார்.

"என்ன மாஸ்டர், என்ன நடந்தது? ஆரும் கலைக்கினமோ?"

"ஒருத்தரும் கலைக்கேல்லை ஐயா. மரதன் ஓடப் பழகிறன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாங்கள் ஓடினது காணாதே?"

அவர் சொன்னதில் பிழையில்லை. 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டவர்களுக்கும், 2009 இல் முள்ளிவாய்க்கால் வரை போனவர்களுக்கும் ஓட்டம் என்றால் இடப்பெயர்வு. எனக்கும் அப்படித்தான். வயது 46, தொழில் ஆரம்பப் பிரிவு ஆசிரியர். இடது கெண்டைக்காலில் ஒரு செல் துண்டு இன்னும் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒருவன் 42 கிலோமீற்றர் ஓடப் போவது ஏன், அதற்கு உடம்பை எப்படிப் பழக்குவது, அதில் சேரும் காசு எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள். அதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

மருந்து இலவசம், பயணம் இலவசமில்லை

என் வகுப்பில் படித்த ஏழு வயதுப் பிள்ளை அவள். பெயரை எழுதப் போவதில்லை. இரண்டாம் தவணையில் அடிக்கடி காய்ச்சல் என்று நின்றாள். விளையாட்டு நேரத்திலும் மேசையில் தலை வைத்துப் படுத்திருப்பாள். முகம் வெளிறியிருந்தது. அடிபடாத இடங்களிலும் கைகால்களில் நீலமாகக் கண்டியிருந்தது. தாயைக் கூப்பிட்டு, உடனே இரத்தம் சோதிக்கச் சொன்னேன். இரத்தப் புற்றுநோய் என்று முடிவு வந்தது. சிறுவர்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் அதுதான். இந்த அறிகுறிகள் இருக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் புற்றுநோய் என்றில்லை. ஆனால் அவை தொடர்ந்து இருந்தால் இரத்தம் சோதிக்காமல் விடக்கூடாது.

இலங்கையில் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. அப்படியானால் காசு எதற்கு என்று கேட்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன்.

அவளுக்கு வந்த வகைக்குச் சிகிச்சை ஒரு மாதத்தில் முடிகிற விசயம் அல்ல. முதல் மாதம் கடும் மருந்துகளால் நோய்க்கலங்களை அழிக்கிறார்கள். பிறகு பல மாதங்கள், மறைந்திருக்கும் கலங்களை அழிக்க ஊசி மருந்துகள். அதன் பின் நீண்ட காலம் குளிசையும் கிளினிக்கும். மொத்தம் இரண்டு தொடக்கம் மூன்று வருடங்கள். பிள்ளை தெளிவாக இருக்கிறாளே என்று இடையில் நிறுத்தினால் நோய் திரும்பி வரக்கூடும்.

கிளிநொச்சியிலிருந்து மகரகமவுக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். அவளுடைய தகப்பன் மேசன் வேலைக்குப் போகிறவர். அவர் கொழும்புக்குப் போகிற ஒவ்வொரு நாளும் கூலி இல்லாத நாள். பஸ் காசு, தங்குமிடம், சாப்பாடு, வீட்டில் விட்டுவிட்டுப் போகும் சின்னவனைப் பார்க்கிற செலவு எல்லாம் சேரும். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளையை நெரிசலான பஸ்ஸில் கொண்டுபோவதும் ஆபத்து.

உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு இது: வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் 80 வீதத்துக்கும் அதிகமானோர் குணமடைகிறார்கள். வசதி குறைந்த பல நாடுகளில் அது 30 வீதத்துக்கும் கீழே. நோயைப் பிந்திக் கண்டுபிடிப்பது, மருந்து கிடைக்காதது போன்ற காரணங்களோடு, சிகிச்சையை இடைநடுவில் கைவிடுவதையும் அந்த நிறுவனம் ஒரு காரணமாகக் குறிப்பிடுகிறது. இந்த நிலையை மாற்றவே 2018 இல் சிறுவர் புற்றுநோய்க்கான உலகளாவிய திட்டம் ஒன்றையும் அது தொடங்கியது.

கைவிடுதல் என்ற சொல்லைக் கேட்டால் பெற்றோர் அக்கறையில்லாதவர்கள் என்று தோன்றும். நான் கண்டது வேறு. ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு அவளுக்குக் காய்ச்சல் 38 பாகை செல்சியசைத் தாண்டியது. இந்த மருந்துகள் எடுக்கிற பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு மணித்தியாலத்தையும் வீணாக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். உடம்பில் வெண்கலங்கள் குறைந்திருப்பதால் சின்னக் கிருமித் தொற்றும் உயிரை எடுத்துவிடும். அது அவர்களுக்குத் தெரியும். ஆனால் அன்றிரவு ஓட்டோ பிடிக்கக் கையில் காசில்லை. அடுத்த கிளினிக்குக்கு என்று எடுத்து வைத்த காசைத் தொட்டால் கொழும்புக்குப் போக முடியாது. தாயும் தகப்பனும் விடியும் வரை ஈரத்துணி போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். காலையில் கொண்டுபோனபோது பிள்ளை மயங்கும் நிலை. தப்பிவிட்டாள். "இனி விடியும் வரைக்கும் இருக்க வேண்டாம்" என்று மட்டும் வைத்தியர் சொன்னாராம்.

அதைச் சொல்லும்போது தகப்பன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "மாஸ்டர், ஒரு ஓட்டோக் காசுக்காகப் பிள்ளையைப் பறி குடுத்திருப்பன்" என்றார். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

ஓடுவது என்ற யோசனை

யோசனை கனடாவிலிருந்து வந்தது. ரொறன்ரோவில் இருக்கும் என் அக்காவின் பிள்ளைகள் ஒவ்வொரு செப்டெம்பரும் பாடசாலையில் ரெறி பொக்ஸ் பெயரில் நடக்கும் ஓட்டத்தில் ஓடுகிறவர்கள். எலும்புப் புற்றுநோயால் 1977 இல் வலது காலை இழந்த இளைஞன் அவர். 1980 ஏப்ரலில் கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து செயற்கைக் காலோடு ஓடத் தொடங்கி, நாளுக்கு ஏறக்குறைய ஒரு மரதன் தூரம் ஓடினார். 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் ஓடியபின், புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்த வேண்டி வந்தது. 1981 இல் இறந்துபோனார். அவர் பெயரிலான ஓட்டம் இன்றும் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் சேர்க்கிறது. ஜெய்ப்பூர் கால் போட்டு நடக்கும் எத்தனையோ பேர் வாழ்கிற எங்கள் ஊரில் அவருடைய கதை விளங்காதவர் இருக்க முடியாது.

இலங்கையிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 2011 இல் தெற்கு முனையான தெவிநுவரவிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்கள் நடந்து பணம் சேர்த்தார்கள். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்ததற்குப் பின்னால் அந்த நடை இருக்கிறது.

என் திட்டம் அவ்வளவு பெரியதல்ல. கொழும்பில் நடக்கும் ஒரு மரதனில் ஓடுவது. நான் ஓடி முடிக்கும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் விரும்பியவர்கள் ஒரு தொகை தருவது. கிலோமீற்றருக்குப் 10 ரூபா என்றால் மொத்தம் 420 ரூபா. கூலி வேலை செய்கிறவரும் அதில் சேரலாம்.

உடம்பைப் பழக்குவது

மரதன் தூரம் 42.195 கிலோமீற்றர். 1908 இலண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் மாளிகையில் தொடங்கி மைதானத்தில் அரச குடும்பத்தின் இருக்கைக்கு முன்னால் முடிப்பதற்காக வகுத்த தூரம் அது. 1921 இல் அதையே எல்லோருக்கும் பொதுவான தூரமாக்கினார்கள்.

முதலில் வைத்தியரிடம் போனேன். இரத்த அழுத்தம், சீனி, இதயம் எல்லாம் பார்த்தார். செல் துண்டு தசைக்குள் ஆழமாக, அசையாமல் இருப்பதால் ஓடலாம் என்றார். நாற்பது வயது தாண்டியவர்கள், பழைய காயம் உள்ளவர்கள் இந்தச் சோதனை செய்யாமல் தொடங்க வேண்டாம்.

முதல் நாள் 400 மீற்றரில் மூச்சு முட்டி நின்றுவிட்டேன். பிறகுதான் விளங்கியது, நான் ஓடியது துரத்தப்படுகிறவன் ஓடுகிற ஓட்டம். மரதனுக்குப் பழகும்போது, பக்கத்தில் வருகிறவரோடு கதைக்கக்கூடிய வேகத்தில்தான் ஓட வேண்டும். கதைக்க முடியவில்லை என்றால் வேகம் கூடிவிட்டது. ஆகவே இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்கினேன். தொடர்ந்து ஐந்து கிலோமீற்றர் ஓட இரண்டு மாதம் எடுத்தது.

அதன் பின் கிழமைக்கு நாலு நாள். மூன்று நாட்கள் இரணைமடுக் குளக்கட்டுப் பக்கம் சிறிய தூரங்கள். ஞாயிறு மட்டும் நீண்ட ஓட்டம். மொத்தத் தூரத்தை ஒரு கிழமையில் பத்து வீதத்துக்கு மேல் கூட்டுவதில்லை. நாலு கிழமைக்கு ஒருமுறை தூரத்தைக் குறைப்பேன். இதயமும் மூச்சும் விரைவில் பழகிவிடும். எலும்பும் சவ்வும் பழக நாள் எடுக்கும். அவசரப்படுகிறவர்களுக்குக் காயம் வருவது அதனால்தான்.

எங்கள் வெக்கையில் ஏழு மணிக்குப் பிறகு நீண்ட ஓட்டம் கூடாது. தண்ணீர் தேவைதான், ஆனால் வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து அதுவே ஆபத்தாகும். தாகத்துக்கு ஏற்றபடி குடிக்கிறேன். நீண்ட ஓட்டங்களில் ஜீவனி கரைத்துக் கொண்டுபோகிறேன். தசையிலும் ஈரலிலும் உடம்பு சேமித்து வைக்கும் மாச்சத்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர் வரைக்கும்தான் தாங்கும். அதற்குப் பிறகு கால் கல்லாகிவிடும். அதனால் வழியிலேயே பேரீச்சம்பழமும் கதலி வாழைப்பழமும் சாப்பிடப் பழகினேன். சப்பாத்து மட்டும் நல்லதாக வேண்டும். என்னுடையது அக்கா அனுப்பியது. அதைப் போட்டும் இரண்டு கால் நகங்கள் கறுத்துவிட்டன.

காசுக் கணக்கு

எங்கள் சனம் உதவி என்ற பெயரில் பலவற்றைக் கண்டவர்கள். படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வராததையும் கண்டவர்கள். அதனால் தொடக்கத்திலேயே சில விதிகள் வைத்தோம். காசு என் பெயரில் சேராது. தாயும், ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரும், வாசிகசாலைப் பொருளாளரும் சேர்ந்து திறந்த வங்கிக் கணக்கில் சேரும். எடுக்க மூன்று கையொப்பமும் வேண்டும். வரவும் செலவும் ஒரு கொப்பியில் இருக்கும், தந்தவர் யாரும் வந்து பார்க்கலாம். பிள்ளையின் படமோ பெயரோ எங்கும் போடுவதில்லை. மொட்டையடித்த தலையோடு எடுத்த படம் போட்டால் காசு கூடச் சேரும் என்று சிலர் சொன்னார்கள். அவள் நாளைக்குச் சுகமாகித் திரும்பி வந்து இதே வகுப்பில் இருக்க வேண்டியவள் என்று பதில் சொன்னேன்.

செலவு நாலுக்கு மட்டும்: பயணம், தங்குமிடமும் சாப்பாடும், தகப்பன் இழக்கிற கூலி, இரவில் காய்ச்சல் வந்தால் வாகனம். இந்தக் கடைசிக்கு என்று ஒரு தொகையை எப்போதும் வீட்டிலேயே வைத்திருக்கிறோம். முன்கூட்டியே தந்தவர்களின் காசிலிருந்து முதலில் ஒதுக்கியது அதைத்தான். அதன் பிறகு இரண்டு தடவை இரவில் காய்ச்சல் வந்தது. இரண்டு தடவையும் அரை மணித்தியாலத்துக்குள் வெளிக்கிட்டார்கள்.

காசு தர முடியாதவர்கள் இரத்தம் தரலாம். இந்தப் பிள்ளைகளுக்கு இரத்தமும் குருதிச் சிறுதட்டுகளும் அடிக்கடி ஏற்ற வேண்டி வரும். 18 தொடக்கம் 60 வயதுக்குள், 50 கிலோவுக்குக் குறையாத நிறையுள்ள சுகதேகிகள் நாலு மாதத்துக்கு ஒருமுறை தரலாம்.

பரந்தன் வீதி

பயிற்சியில் மிக நீளமான ஓட்டம் 30 கிலோமீற்றர். போட்டிக்கு மூன்று கிழமை முன்னர் அதை முடித்துவிட்டு, பிறகு தூரத்தைக் குறைத்து உடம்பை ஆறவிட வேண்டும். அந்த ஓட்டத்துக்குப் பரந்தன்–முல்லைத்தீவு வீதியைத் தெரிந்தெடுத்தேன். வாகனம் குறைவு என்பதுதான் நான் வீட்டில் சொன்ன காரணம்.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு 50 கிலோமீற்றருக்குச் சற்று மேல். 2009 இல் அந்த வீதி வழியே கிழக்கே போக எங்களுக்கு மாதங்கள் எடுத்தன. தருமபுரம் பக்கம் போய்த் திரும்புகிற இடத்தில் நின்றுவிட்டேன். கால் வலி இல்லை. அம்மாவை வண்டிலில் வைத்துத் தள்ளிய இடம் அது. அன்று அம்மாவுக்கு ஆஸ்துமா மருந்து இருக்கவில்லை. மருந்து இருந்த இடத்துக்குப் போக வழியும் இருக்கவில்லை. சில நிமிடம் நின்றுவிட்டு, ஜீவனியைக் குடித்துவிட்டு, பரந்தன் பக்கம் திரும்பி ஓடினேன். அந்த வீதியில் நான் ஓடி வீட்டுக்குத் திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை.

இன்று வழி இருக்கிறது. மருந்தும் இருக்கிறது. இடையில் குறைவது பஸ் காசு மட்டும் என்றால், அதை ஊர் சேர்ந்து போடலாம்.

வருகிற ஞாயிறு போட்டி. ஐந்தரை மணித்தியாலத்தில் முடித்தால் எனக்குக் காணும். பிள்ளை இப்போது குளிசைக் கட்டத்துக்கு வந்துவிட்டாள். தலைமயிர் முளைத்திருக்கிறது. போன கிழமை பார்க்கப் போனபோது கேட்டாள்: "சேர், களைச்சால் என்ன செய்வியள்?"

"தெரியேல்லை பிள்ளை. நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?"

"முதுகில ஊசி போடேக்க நான் இருபது மட்டும் எண்ணுவன். முடியேல்லை எண்டால் திரும்ப ஒண்டில இருந்து எண்ணுவன்."

ஓட்டம் முடிந்த மறுநாள் திங்கள். அன்றிரவு அவளுக்குக் கொழும்பு பஸ், செவ்வாய் கிளினிக். மூன்று பேருக்கான ரிக்கற் காசு ஏற்கனவே எடுத்துக் கொடுத்தாயிற்று. கொப்பியில் எழுதியிருக்கிறது.