சந்து செய்வித்த பேரறிஞர் ரால்ஃப் பஞ்ச்

தோட்டப் பள்ளித் தலைமையாசிரியனுக்குப் பாடம் நடத்துவது ஒன்றே பணியன்று. காலையில் பிள்ளைகளின் சண்டை வரும். மாலையில் பெற்றோரின் சண்டை வரும். "ஐயா, நீங்களே சொல்லுங்கள், பிழை யார்மேல்?" என்று இரு சாராரும் கேட்பர். பணியேற்ற புதிதில் நானும் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவேன். தோற்றவர் மறுநாள் தம் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பமாட்டார். தீர்ப்பு வேறு, சமரசம் வேறு என்பதை அன்று நான் அறிந்தேனில்லை.

நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. அவர் சொன்னதை ஏற்றே ஆகவேண்டும். சந்து செய்விப்பவருக்கோ அதிகாரம் எதுவும் இல்லை. பகைவர் இருவரும் தாமாகவே ஒப்பும் இடத்திற்கு அவர்களை அழைத்துவருவதே அவர் தொழில். இத்தொழிலைக் கல்வியாகவும் செயலாகவும் வளர்த்த பெருமக்களுள் ஒருவர் அமெரிக்க அறிஞர் ரால்ஃப் பஞ்ச்.

பஞ்ச் 1904ஆம் ஆண்டு டெட்ராய்ட் நகரில் பிறந்தார். கறுப்பினக் குடும்பம், எளிய வாழ்வு. இளமையிலேயே தாயை இழந்த அவரை லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பாட்டியார் லூசி ஜான்சன் வளர்த்தார். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1927இல் முதல் மாணவராகத் தேறினார். ஹார்வர்டில் 1934இல் முனைவர் பட்டம் பெற்றார். அரசியல் துறையில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. வாஷிங்டனிலுள்ள ஹவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகவும் விளங்கினார்.

அவருடைய ஆராய்ச்சி யாது? ஆப்பிரிக்காவில் பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த டோகோலாந்தையும் டஹோமியையும் ஒப்பிட்டார். முன்னது உலக நாடுகளின் சங்கம் ஒப்படைத்த பொறுப்பாட்சி நாடு. பின்னது வெறும் குடியேற்ற நாடு. பெயர்கள் இரண்டாயினும் குடிமக்களின் வாழ்வில் பெரிய வேறுபாடு இல்லை என்று கண்டார். பெயரை நம்பாமல் பொருளைப் பார்க்கும் இப்பழக்கமே பிற்காலத்தில் அவருக்குத் துணைநின்றது.

ஐக்கிய நாடுகள் சபையின் சாசனம் 1945இல் உருவானபோது, தன்னாட்சி பெறாத நாடுகளைப் பற்றிய அதிகாரங்களில் அவர் கை இருந்தது. 1947இல் பாலஸ்தீன ஆய்வுக் குழுவுடன் சென்றார். குழு இரண்டாகப் பிரிந்தது. நாட்டைப் பங்கிடலாம் என்றது பெரும்பான்மை. கூட்டாட்சி வேண்டும் என்றது சிறுபான்மை. இரண்டு அறிக்கைகளையும் வரைந்து கொடுக்க உதவியவர் பஞ்ச் ஒருவரே! ஒவ்வொரு தரப்பின் வாதத்தையும் அத்தரப்பினரே மெச்சும்படி எழுத வல்லவன்தானே நடுநிலையாளன்?

1948 மே மாதத்தில் போர் மூண்டது. ஐக்கிய நாடுகள் அனுப்பிய சமரசத் தூதர் சுவீடன் நாட்டுப் பெர்னடாட், செப்டம்பர் 17ஆம் நாள் ஜெருசலேமில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடன் செல்லவேண்டியிருந்த பஞ்ச், வழியில் நேர்ந்த தாமதத்தால் உயிர் தப்பினார். இறந்தவரின் பொறுப்பு அவர் தோளில் விழுந்தது.

1949 சனவரியில் ரோட்ஸ் தீவில் எகிப்தியரும் இஸ்ரேலியரும் ஒரே விடுதியில் தங்கினர். ஆயினும் நேருக்கு நேர் பேசத் தயங்கினர். பஞ்ச் என் செய்தார்? முதலில் கடினமான எதையும் எடுக்கவில்லை. பேசவேண்டிய பொருள்களின் நிரலை மட்டும் எழுதி, இரு தரப்பாரையும் அதில் கையெழுத்திடச் செய்தார். ஒரே தாளில் பகைவர் இருவர் கையொப்பமிடும் பழக்கம் அங்கே தொடங்கியது.

அடுத்து அவுஜா என்னும் ஊர் குறித்துப் பேச்சு முட்டிநின்றது. அதைக் கைப்பற்றியிருந்த இஸ்ரேல் விட மறுத்தது. இஸ்ரேலியப் படை அங்கிருப்பதை எகிப்து ஏற்க மறுத்தது. அவ்வூரைப் படையற்ற பகுதியாக்கி, போர்நிறுத்தத்தைக் கண்காணிக்கும் கூட்டுக் குழுவின் தலைமையிடத்தை அங்கேயே அமைக்க வழிகாணப்பட்டது. போர்நிறுத்தக் கோடு நாட்டின் எல்லையாகாது என்றும் உடன்படிக்கையில் எழுதப்பட்டது. ஆகவே உரிமையை விட்டுக்கொடுத்தோம் என்ற பழி எவருக்கும் நேரவில்லை.

பேச்சு தளர்ந்த ஒரு வேளையில், தூதுவர்களுக்கென்று செய்து வைத்திருந்த நினைவுத் தட்டுகளைக் காட்டி, "உடன்பட்டால் ஆளுக்கொன்று, இல்லையேல் உங்கள் தலையிலேயே உடைப்பேன்" என்று அவர் நகையாடியதாகக் கூறுவர். பிப்ரவரி 24ஆம் நாள் எகிப்து கையெழுத்திட்டது. பின்னர் லெபனான், ஜோர்தான், சிரியா என்று சூலைக்குள் நான்கு உடன்படிக்கைகள் முடிந்தன. 1950இல் நோபல் அமைதிப் பரிசு அவரை நாடிவந்தது. அப்பரிசைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே.

எனினும் உண்மையை மறைத்தல் ஆசிரியருக்கு அழகன்று. அவர் முடித்தது போர்நிறுத்தம், அமைதி அன்று. வீடிழந்து வெளியேறிய ஏறத்தாழ 7 இலட்சம் பாலஸ்தீன மக்களின் துயரை அவ்வுடன்படிக்கைகள் தீர்க்கவில்லை. இன்றும் அம்மண் குருதி சிந்துகிறது. பெயர் வேறு, பொருள் வேறு என்று இளமையில் ஆராய்ந்தவர் இவ்வேறுபாட்டை அறியாதவரா? துப்பாக்கி ஓய்ந்தால்தான் பேச வாயுண்டு என்பதே அவர் கொள்கை. சூயஸ், காங்கோ, சைப்ரஸ் என்று பின்னும் உழைத்தார். அமெரிக்காவில் தம் இனத்தார் வாக்குரிமைக்காக 1965இல் செல்மாவிலிருந்து நடந்த அணியிலும் முன்னே நடந்தார். நடுநிலை என்பது அநீதியைக் கண்டு வாய்மூடி இருப்பதன்று என்பதற்கு அந்நடை சான்று. 1971 டிசம்பர் 9ஆம் நாள் மறைந்தார்.

இப்பொழுது என் அறைக்கு வழக்கு வந்தால் நான் தீர்ப்புச் சொல்வதில்லை. இருவரையும் தனித்தனியே கேட்கிறேன். பிறகு, "நாளை இரு பிள்ளைகளும் பள்ளிக்கு வரட்டும், இதில் உங்களுக்கு உடன்பாடுதானே?" என்பேன். இருவரும் தலையசைப்பர். அதுவே எங்கள் முதற் கையெழுத்து.