கேமரன் மலையில் வெண்டைக்காய் வத்தல் ஏன் காய்வதில்லை? குளிரிலும் மூடுபனியிலும் காயைப் பாதுகாப்பது எப்படி?

கேமரன் மலை என்றதும் முட்டைக்கோஸ், தக்காளி, ஸ்ட்ராபெரி, அப்புறம் தேயிலை ஞாபகத்துக்கு வரும். ஆனால் தேயிலைத் தோட்டத்து வீடுகளில் சாம்பாருக்கும் மீன் குழம்புக்கும் போடுற வெண்டைக்காய் பெரும்பாலும் கீழே இருந்து லோரியில் ஏறி வருவதுதான். வெண்டை வெயிலை விரும்பும் செடி. 25 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை சூடு இருந்தால்தான் நன்றாகக் காய்க்கும். ராத்திரியில் 15, 16 டிகிரிக்கு இறங்கும் ஊரில் அதன் விதை முளைப்பதற்கே யோசிக்கும்.

பேராக் பக்கத்திலிருந்து மலைக்கு ஏற இரண்டு சாலைகள் உண்டு. ஒன்று தாப்பாவிலிருந்து ரிங்லெட்டுக்கு வருகிறது, இன்னொன்று சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு. மழைக்காலத்தில் மண் சரிந்தோ மரம் விழுந்தோ இவை அடைபடுவது மலைவாசிகளுக்குப் புதிதல்ல. அதனால் மலிவாகக் கிடைக்கும்போது இரண்டு கிலோ கூடுதலாக வாங்கி வைப்பது இங்கே பலருக்குப் பழக்கம்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. பாட்டி சமவெளியில் செய்த முறையோ, நீங்கள் யூடியூபில் பார்த்த முறையோ கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில் அப்படியே வேலை செய்யாது. அதில் ஒன்று உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

ஃப்ரிட்ஜில் வைத்தால் ஏன் கறுக்கிறது?

வெண்டைக்காய்க்குப் பிடித்த சேமிப்பு வெப்பநிலை 7 முதல் 10 டிகிரி. அதற்குக் கீழே போனால் காயின் தோல் நிறம் மாறி, சின்னச் சின்னக் குழிகள் விழுந்து, பிறகு கறுத்து நசநசவென்று ஆகிவிடும். வீட்டு ஃப்ரிட்ஜ் பொதுவாக 4 டிகிரியில் ஓடுகிறது. காய்க்கு அது ரொம்பவே குளிர்.

மலேசிய வானிலை நிலையங்களில் பதிவானவற்றில் மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி. 1978 பிப்ரவரி 1-ஆம் தேதி கேமரன் மலையில்தான் அது பதிவானது. நாட்டையே நடுங்க வைத்த அந்தக் குளிர், வெண்டைக்காய்க்கு மட்டும் சரியான குளிர்!

எனவே ஓரிரு நாளில் சமைக்கப் போகிறீர்கள் என்றால், குளிர்ந்த சமையலறையில் காற்றோட்டமான கூடையே போதும். அதற்கு மேல் வைக்க வேண்டுமானால் கழுவாமல், ஈரம் இல்லாமல், தாளில் சுற்றி ஃப்ரிட்ஜில் குளிர் குறைவான இடத்தில் வைத்து மூன்று நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

வத்தலுக்கு வெயில் மட்டும் போதாது

காயை வட்டமாக நறுக்கி, உப்புப் போட்ட மோரில் ஊறவைத்து, மாடியில் காயப்போட்டு எடுப்பதுதான் நாம் அறிந்த வத்தல். வெயிலில் காயவைக்க, காற்றின் வெப்பம் குறைந்தது 30 டிகிரியும் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழேயும் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு வல்லுநர்களின் கணக்கு. கேமரன் மலையில் இந்த இரண்டுமே அமைவது கடினம். காலையில் வெயில் அடித்தாலும், மத்தியானத்துக்கு மேல் மூடுபனி வந்து அதுவரை காய்ந்ததை மறுபடி ஈரமாக்கிவிடும். அரைகுறையாகக் காய்ந்த வத்தலில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பூத்த இடத்தை மட்டும் துடைத்துவிட்டு எண்ணெயில் பொரித்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வாங்க. நம்பாதீங்க. சில பூஞ்சைகள் உண்டாக்கும் நச்சு பொரித்தாலும் முழுதாக அழியாது.

தேயிலையைப் பாருங்கள். போ நிறுவனம் 1929-இல் இங்கே தோட்டம் தொடங்கியது. தொழிற்சாலைக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கொழுந்தை யாரும் முற்றத்து வெயிலில் காயப்போடுவதில்லை. விசிறிக் காற்றில் வாடவைத்து, பிறகு சூடான காற்று வீசும் டிரையரில் சுமார் 3 சதவீத ஈரம் மட்டும் மிஞ்சும் வரை உலர்த்துகிறார்கள். வத்தலுக்கும் அதே வழிதான் சரி. காயை 3 முதல் 6 மில்லிமீட்டர் தடிமனில் நறுக்கி, உலர்த்தும் கருவியில் 60 டிகிரியில் 8 முதல் 10 மணி நேரம் விடுங்கள். மோரில் ஊறவைத்தால் இன்னும் கொஞ்ச நேரம் எடுக்கும். ஒடித்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும், வளைந்தால் இன்னும் காயவில்லை. ஓவனில் செய்தால் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், ஆவி வெளியே போகட்டும். இரண்டும் இல்லையா? ஈப்போவிலோ பீடோரிலோ உள்ள சொந்தக்காரர் வீட்டு மாடிதான் வழி.

போத்தலில் அடைப்பது: இங்கேதான் ஆபத்து

வெண்டைக்காய் புளிப்பு குறைந்த காய். பிஎச் அளவு 4.6-க்கு மேல் இருக்கும் எந்த உணவையும் காற்றுப் புகாத போத்தலில் அடைத்து வெளியே வைத்தால், கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா அதில் வளர முடியும். அது சுரக்கும் நச்சு நரம்புகளைச் செயலிழக்க வைக்கும். போத்தலில் வாசனை, நிறம் எதுவும் மாறாமலே இருக்கலாம்.

இந்தப் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரில் சாவதில்லை. அவற்றை அழிக்க, அழுத்தத்தில் சுமார் 116 முதல் 121 டிகிரி வரை சூடாக்க வேண்டும். மலையில் கொதிநீரே இன்னும் பலவீனம். 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஏறக்குறைய 1 டிகிரி குறையும். பிரிஞ்சாங்கில் உங்கள் பானைத் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. அதனால் வெறும் உப்புத் தண்ணீரிலோ எண்ணெயிலோ வெண்டைக்காயைப் போட்டு, கொதிநீரில் போத்தலை முக்கி எடுத்து அலமாரியில் அடுக்கும் முறையைத் தொடவே வேண்டாம்.

வினிகர், நம்ம பேச்சில் ‘சுக்கா’, சேர்த்தால் கதை மாறும். புளிப்பு அதிகமானால் அந்த வித்துகள் முளைக்காது. சோதித்துப் பார்க்கப்பட்ட ஓர் அளவு இது: 5 சதவீத அமிலம் உள்ள வினிகர் 6 கப், தண்ணீர் 6 கப், உப்பு ஒரு கப்பில் மூன்றில் இரண்டு பங்கு. இதைக் கொதிக்க வைத்து, பிஞ்சு வெண்டைக்காய், பூண்டு, மிளகாய் போட்ட போத்தலில் மேலே அரை அங்குலம் விட்டு ஊற்றி மூடி, கொதிநீரில் மூழ்க வையுங்கள். சமவெளியில் 10 நிமிடம் போதும். கேமரன் மலை உயரத்துக்கு 15 நிமிடம். புளிப்பு அதிகம் என்று வினிகரைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டாதீர்கள். வேண்டுமானால் கொஞ்சம் சீனி சேருங்கள். லேபிளில் 5 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் அந்த வினிகர் இதற்கு ஆகாது. புளி, நல்லெண்ணெய் போட்டு வீட்டில் கிண்டும் ஊறுகாய்க்கு இப்படிச் சோதித்த அளவு கிடையாது. அதை ஃப்ரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் சாப்பிட்டுவிடுங்கள்.

போத்தல் உணவைச் சாப்பிட்ட பிறகு பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, இமை தொங்கினாலோ, விழுங்கவோ பேசவோ சிரமப்பட்டாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சுலபமான வழி ஃப்ரீசர்

நேர்மையாகச் சொன்னால், தோட்டத்து வீட்டுக்கு இதுதான் பொருத்தம். விதை அறை திறக்காதபடி காம்பை மட்டும் நறுக்கி, சின்னக் காயைக் கொதிநீரில் 3 நிமிடமும் பெரிய காயை 4 நிமிடமும் போட்டு எடுங்கள். சுமார் 1,500 மீட்டருக்கு மேல் இருப்பவர்கள் ஒரு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். உடனே ஐஸ் தண்ணீரில் ஆறவைத்து, ஈரம் துடைத்து, தட்டில் பரப்பி உறையவிட்டு, பிறகு பையில் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டாது.

ஃப்ரீசர் காயை உருகவைத்துப் பிரட்டல் செய்யப் பார்த்தால் வழவழப்புத்தான் மிஞ்சும். அந்த வழவழப்பு தண்ணீரில் கரையும் ஒருவகை மாவுச்சத்துப் பொருள். ஈரம் கூடக் கூட அது விரியும். பச்சைக் காயைக் கழுவி, துடைத்து, அதன் பிறகு நறுக்குவதும், மூடி போடாமல் வதக்குவதும் இதனால்தான். உறைந்த காயை உருகவிடாமல் அப்படியே கொதிக்கும் புளிக் குழம்பிலோ மோர்க் குழம்பிலோ போடுங்கள். புளிப்பு வழவழப்பைக் குறைத்துவிடும், மிஞ்சுவது குழம்பைக் கொஞ்சம் கெட்டியாக்கும்.