உஷார்! அந்த ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

ஆட்குறைப்பு என்று பேச்சு அடிபட ஆரம்பித்த சில நாளில் எச்.ஆர். அறைக்குக் கூப்பிடுவார்கள். உட்காரச் சொல்லி டீ கூடத் தருவார்கள். "நாங்க அனுப்பினதா இருக்க வேண்டாம், நீங்களே ரிசைன் பண்ற மாதிரி எழுதிக் கொடுத்துடுங்க. டெர்மினேஷன்னு போட்டா அடுத்த எடத்துல வேலை கிடைக்காது பாருங்க" என்பார்கள். குரலில் அக்கறை சொட்டும். கடிதம் தட்டச்சாகி மேஜையில் தயாராக இருக்கும்.

கையெழுத்துப் போட்டால் போச்சு!

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கென்று 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள்; முதலாளி தன் பங்காக 3.25 சதவீதம் கட்டுகிறார். டிஸ்பென்சரி மருந்துக்கான பணம் அது என்றுதான் பலருக்கு நினைப்பு. வேலை போனால் கைக்குப் பணம் தரும் ஏற்பாடும் அதற்குள்ளேயே இருக்கிறது. 'அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா' என்று 2018 ஜூலையில் தொடங்கினார்கள். இப்படி வாயில் நுழையாத பெயரை வைத்தால் ஓசூரிலும் திருப்பூரிலும் மெஷின் ஓட்டுகிறவருக்கு எப்படித் தெரியவரும்? முதலில் சராசரி தினக்கூலியில் 25 சதவீதம்தான் தந்தார்கள். கொரோனா வந்த 2020இல் அதை 50 சதவீதமாக்கி, வேலை போனபின் 90 நாள் காத்திருப்பதை 30 நாளாகக் குறைத்தார்கள். மாதம் 18,000 வாங்கியவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 300 ரூபாய். அதிகபட்சமாக 90 நாளுக்குத் தருவார்கள்; மொத்தம் 27,000. வாழ்நாள் முழுக்கச் சேர்த்தாலும் அந்த 90 நாள்தான். பெரிய தொகை இல்லைதான். மூன்று மாத வாடகைக்கும் அரிசி பருப்புக்கும் ஆகும்.

இது யாருக்குக் கிடையாது என்று விதியில் ஒரு பட்டியல் உண்டு. ஒழுங்கு நடவடிக்கையில் வேலை போனவர், ஓய்வு வயதை எட்டியவர், தானாக வேலையை விட்டுப் போனவர். இப்போது அந்தக் கடிதத்தைத் திரும்பப் படியுங்கள். 'சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்.' நீங்களே உங்களைப் பட்டியலில் சேர்த்துவிட்டீர்கள்.

நஷ்டம் 27,000த்தோடு நிற்பதில்லை. ஆலையை மூடினாலோ ஆட்குறைப்பு செய்தாலோ, தகுதியுள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ.யிலேயே இன்னொரு திட்டம் உண்டு. 2005இல் வந்த ராஜீவ் காந்தி பெயரிலான திட்டம் அது. முதல் ஓராண்டு தினக்கூலியில் பாதி, அடுத்த ஓராண்டு கால் பங்கு. ஆக, இரண்டு வருடம்! கூடவே ஆட்குறைப்புக்கு ஆளாகும் தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், பணிசெய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு என்று சட்டம் சொல்கிறது. பத்து வருடம் உழைத்தவருக்கு அதுவே ஐந்து மாதச் சம்பளம். நிர்வாகம் டீ கொடுத்து உபசரிப்பது எதை மிச்சம் பிடிக்க என்று இப்போது புரிந்திருக்கும். இ.எஸ்.ஐ. வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு முதல் இரண்டும் இல்லை. ஆனால் தொழிலாளி என்ற வரையறைக்குள் வந்தால் இழப்பீடு உண்டு. அவர்களும் பேனாவை எடுக்கும் முன் யோசிக்கட்டும்.

கையெழுத்தே போடாவிட்டாலும் இன்னொரு கண்ணி இருக்கிறது. மாதாந்தர இ.எஸ்.ஐ. கணக்கைக் கம்பெனி ஆன்லைனில் ஏற்றும்போது, சம்பளம் இல்லாத ஊழியருக்கு நேராக ஒரு காரணத்தைத் தேர்வு செய்ய வேண்டும். 'வேலையை விட்டார்' என்பதும் 'ஆட்குறைப்பு' என்பதும் அங்கே தனித்தனி. அலுவலகத்தில் யாரோ ஒருவர் அவசரத்தில் முதலாவதைச் சொடுக்கிவிட்டால், உங்கள் விண்ணப்பம் கிளை அலுவலகத்தில் கேள்விக்குறியோடு நிற்கும். என்ன காரணம் பதிவாகிறது என்று வெளியேறும் முன்பே கேளுங்கள். வேலைநீக்கத்தை எழுத்தில் கேளுங்கள். வாயால் "நாளையிலிருந்து வராதே" என்றால், அன்றே மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ, 'இன்ன தேதியில் இப்படிச் சொன்னீர்கள், நான் வேலைக்கு வரத் தயார்' என்று எழுதிப் போடுங்கள்.

மிரட்டலில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் தாமதிக்க வேண்டாம். நிர்வாகம் ஏற்றுக்கொள்ளும் முன்பே ராஜினாமாவைத் திரும்பப் பெறுவதாக எழுத்தில் அனுப்பிவிட்டு, தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் போங்கள். சங்கம் இருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

90 நாள் உதவிக்கு வேலை போவதற்கு முந்தைய இரண்டு வருடமாவது இ.எஸ்.ஐ.யில் இருந்திருக்க வேண்டும். ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்ற அரையாண்டுகளில் கடைசியானதில் 78 நாளும், அதற்கு முந்தைய மூன்றில் ஒன்றில் 78 நாளும் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஆதாரிலும் இ.எஸ்.ஐ.யிலும் வங்கியிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று வேலையில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். தவணை தவணையாக நீட்டித்துவரும் திட்டம் என்பதால், இப்போது நடப்பில் உள்ளதா என்று உங்கள் கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

வேலை போன நேரம் பார்த்து வாட்ஸப்பில் வேறொரு கூட்டம் வரும். 'பிரதமர் திட்டத்தில் வேலையில்லாதோருக்கு மாதம் 6,000 ரூபாய், இந்த லிங்க்கை அழுத்துங்கள்' என்று சுற்றிய செய்தி பொய் என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் பிரிவே அறிவித்தது. இன்னும் வேறு வேறு தொகையில் அது வரும். இ.எஸ்.ஐ. உதவிக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் எதுவும் இல்லை. முடித்துத் தருகிறேன் என்று எந்த ஏஜென்ட் வந்தாலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், ஓ.டி.பி.யையும் சொல்லாதீர்கள்.