கீமோவுக்குப் பின் முளைக்கும் பற்கள்

இரண்டு வயதில் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுக் குணமான ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். இப்போது ஏழாம் வகுப்பு. கூடப் படிக்கிறவர்களுக்குப் பால் பற்கள் ஏறக்குறைய எல்லாம் விழுந்துவிட்டன. இந்தக் குழந்தைக்குக் கீழ்த்தாடையில் இரண்டு பால் பற்கள் அசையக்கூட இல்லை. புதிதாக முளைத்த முன்கடைவாய்ப் பல் ஒன்று சிறுத்திருக்கிறது. இரண்டு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், அசையாத அந்தப் பற்களுக்கு அடியில் நிரந்தரப் பல்லே உருவாகியிருக்கவில்லை.

பத்து ஆண்டுகளுக்கு முன் கொடுத்த கீமோவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. சிகிச்சை நடந்தபோது குழந்தைக்கு என்ன வயது என்று தெரிந்தால், எந்தப் பல்லில் எந்த மாதிரிக் குறை வரக்கூடும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

ஈறுக்குள் நடக்கும் வேலை

ஆறு வயதில் முளைக்கும் முதல் கடைவாய்ப் பல், குழந்தை பிறக்கும் நேரத்திலேயே தாடைக்குள் கெட்டியாகத் தொடங்கிவிடுகிறது. முன்பற்கள் பெரும்பாலும் அடுத்த சில மாதங்களில் தொடங்கும். முன்கடைவாய்ப் பற்கள் ஒன்றரையிலிருந்து இரண்டரை வயதுக்குள், இரண்டாம் கடைவாய்ப் பற்கள் மூன்று வயதை ஒட்டி, ஞானப்பல் ஏழு முதல் பத்து வயதுக்குள் தொடங்குகின்றன.

ஒரு பல் உருவாகும் முறையும் விசித்திரமானது. வீட்டைக் கூரையிலிருந்து கட்டிக்கொண்டு வருவதுபோல, கடிக்கும் முனை முதலில், வேர் கடைசியில். பல் ஈறைக் கிழித்து வெளியே வந்த பிறகும் வேர் முழுமையடைய ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். ஆக, பிறந்ததிலிருந்து பதினைந்து வயதுவரை தாடைக்குள் ஏதாவது ஒரு பல்லின் ஏதாவது ஒரு பகுதி உருவாகிக்கொண்டேதான் இருக்கும்.

வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குவதுதான் பெரும்பாலான கீமோ மருந்துகளின் வேலை. அவற்றால் புற்றுநோய்ச் செல்லையும் பல்லை உருவாக்கும் செல்லையும் பிரித்தறிய முடியாது. ரத்தப் புற்றுநோய்க்குப் பரவலாகக் கொடுக்கப்படும் வின்கிரிஸ்டின் இன்னும் ஒரு படி மேலே போகிறது. நம் வீட்டுத் தோட்டங்களில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைக்கும் இந்த மருந்து, செல்லுக்குள் இருக்கும் நுண்குழாய்களைக் குலைக்கிறது. செல் பிளவுபடுவதற்கும் அந்தக் குழாய்கள் வேண்டும். எனாமலுக்கும் அதன் உள்ளே இருக்கும் டென்டினுக்கும் தேவையான பொருளைச் சுரந்து வெளியே அனுப்புவதற்கும் அவையே வேண்டும். அதனால் பிளவுபடுவதை நிறுத்திவிட்ட செல்களின் வேலையும் தடைபடுகிறது.

மற்ற திசுக்களுக்கும் பல்லுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. கீமோவில் கொட்டிய முடி திரும்ப வளரும். குறைந்த ரத்த அணுக்கள் ஏறிவிடும். ஆனால், எனாமலை உருவாக்கும் செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுவதால், அதில் விட்டுப்போன குறையை உடலால் பிறகு சரிசெய்ய முடியாது.

வயது சொல்லும் கணக்கு

மூன்று வயதுக்குள் சிகிச்சை பெற்ற குழந்தைகளுக்குச் சில நிரந்தரப் பற்கள் உருவாகாமலே போகலாம். உருவானாலும் மிகச் சிறியதாக இருக்கலாம். முன்கடைவாய்ப் பற்களும் இரண்டாம் கடைவாய்ப் பற்களும் இதில் அதிகம் அடிபடுகின்றன. ஐந்து வயதுக்குப் பிறகு பல பற்களின் மேல்பகுதி முடிந்திருக்கும் அல்லது முடியும் தறுவாயில் இருக்கும். எனவே பாதிப்பு வேருக்கு இறங்குகிறது: வேர் குட்டையாகிவிடும், நுனி கூம்பிச் சீக்கிரமே மூடிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் பல் நன்றாகவே தெரியும். எக்ஸ்ரே எடுத்தால்தான் அதன் பிடிமானம் எவ்வளவு குறைவு என்பது புரியும். இவை தவிர, எனாமலில் வெள்ளை அல்லது பழுப்புத் திட்டுகள், குழிகள், பல் முளைப்பதில் தாமதம் ஆகியவையும் உண்டு.

சிகிச்சை பெற்ற எல்லாக் குழந்தைகளுக்கும் இப்படி ஆவதில்லை. மருந்தின் வகை, மொத்த அளவு, கதிர்வீச்சு கொடுக்கப்பட்டதா என்பவற்றைப் பொறுத்து இது மாறும். சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்துகள் அதிக அளவில் சேரும்போது ஆபத்து கூடுகிறது. பல் இருக்கும் பகுதியில் 20 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அல்லது அதற்கு மேல் கதிர்வீச்சு பட்டவர்களுக்குப் பல் குறைகள் தெளிவாக அதிகரிப்பதை, குழந்தைப் பருவப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. எலும்பு மஜ்ஜை மாற்றுக்காக உடல் முழுவதும் கதிர்வீச்சு பெற்ற சின்னக் குழந்தைகளுக்குத்தான் பாதிப்பு மிகவும் கடுமையாக இருக்கிறது.

பிழைத்ததால் எழுந்த கேள்வி

முக்கால் நூற்றாண்டுக்கு முன், குணமான குழந்தையின் பற்கள் என்னவாகும் என்ற கேள்விக்கே இடமில்லை. 1948இல் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்துப் பார்த்ததன் முடிவை வெளியிட்டார். 10 பேருக்கு நோய் தணிந்தது, அதுவும் தற்காலிகமாக. அந்த மருந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகத சுப்பாராவின் தலைமையில் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் உருவானது. அதன் வாரிசான மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

இந்தியாவில் 1980களில் தொடங்கி, மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ், சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம் ஆகிய மூன்றும் எம்.சி.பி. 841 என்ற ஒரே சிகிச்சைத் திட்டத்தைப் பின்பற்றின. பிழைக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை கணிசமாக உயர்ந்தது. வசதியான நாடுகளில் இன்று குழந்தைப் புற்றுநோயாளிகளில் 80 சதவீதத்துக்கும் மேல் பிழைக்கிறார்கள். 2030க்குள் உலகம் முழுவதும் குறைந்தது 60 சதவீதத்தை எட்டுவது, 2018இல் உலக சுகாதார நிறுவனம் வைத்த இலக்கு. அப்படிப் பிழைக்கும் குழந்தை இன்னும் அறுபது, எழுபது ஆண்டுகள் அந்தப் பற்களை வைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

சிகிச்சையின்போது

நேரம் இருந்தால், கீமோ தொடங்கும் முன்பே பல் மருத்துவரிடம் காட்டிச் சொத்தைகளைச் சரிசெய்துவிடுவது நல்லது. வெள்ளணுக்கள் குறையும் நாள்களில் ஒரு சொத்தைப் பல்லே கடும் தொற்றுக்கு வாசலாகிவிடும். வாய்ப்புண் வந்துவிட்டால் பலரும் பல் துலக்குவதையே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது, மிக மென்மையான பிரஷ்ஷுக்கு மாறிக்கொள்ளலாம். சர்க்கரை கலந்த சிரப் மருந்து கொடுத்தால், பிறகு வாயைக் கொப்பளிக்கச் செய்ய வேண்டும்.

வெள்ளணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபிலின் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,000க்குக் கீழே இருந்தால், அவசரமில்லாத பல் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது வழக்கம். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: வின்கிரிஸ்டின் நரம்பைப் பாதிப்பதால் கடைவாயில் கடுமையான பல்வலி போன்ற வலி வரலாம். பல்லில் கோளாறு எதுவும் இருக்காது. மருந்து நின்றதும் பெரும்பாலும் வலியும் போய்விடும். விவரம் தெரியாமல் நல்ல பல்லைப் பிடுங்கிவிடக் கூடாது.

சிகிச்சை முடிந்த பிறகு

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் பரிசோதனை வேண்டும். எனாமல் குறையுள்ள பல்லில் சொத்தை எளிதாகப் பிடிக்கும் என்பதால், ஃபுளோரைடு பூச்சு உதவும். நிரந்தரப் பற்கள் முளைக்கும் வயதில் எடுக்கும் ஓ.பி.ஜி. படம், எந்தப் பல் இருக்கிறது, எந்தப் பல் இல்லை, வேர் எவ்வளவு நீளம் என்பதைக் காட்டிவிடும்.

அந்தப் படம் இல்லாமல் இரண்டு முடிவுகளை எடுக்கக் கூடாது. முதலாவது, விழாத பால் பல்லைப் பிடுங்குவது. ‘பால் பல்தானே, போனால் முளைத்துவிடும்’ என்ற பேச்சு இங்கே செல்லாது. அடியில் மாற்றுப் பல் இல்லையென்றால், அந்தப் பால் பல்லைக் காப்பாற்றி வைப்பதே லாபம். நன்றாகக் கவனித்தால் அது பெரியவரான பிறகும் நிலைக்கலாம். அது போனாலும், தாடை வளர்ச்சி நின்ற பிறகுதான் இம்பிளான்ட் பற்றி யோசிக்க முடியும்.

இரண்டாவது, பல்லுக்குக் கிளிப் போடுவது. வேர் குட்டையான பல்லை அழுத்தி நகர்த்தினால் வேர் மேலும் கரைந்து, பல் ஆட்டம் காணக்கூடும். சிகிச்சை முடிந்து, நோய் திரும்பாமல் குறைந்தது இரண்டு ஆண்டுகள் கடந்த பிறகே கிளிப் போடத் தொடங்குவார்கள். அப்போதும் குறைந்த விசையில், எட்ட முடிந்த அளவுக்கு மட்டும் பல்லை நகர்த்துவார்கள்.

இதில் பெரிய சிக்கல் மருத்துவத்தில் இல்லை, தகவல் கைமாறுவதில்தான். புற்றுநோய் மருத்துவமனை ஓர் ஊரில், பல் மருத்துவர் இன்னோர் ஊரில். இடையில் பத்து ஆண்டுகள். சிகிச்சை முடிந்ததும் ஃபைலைப் பரண்மேல் போட்டுவிட வேண்டாம். எந்த வயதில், எந்தெந்த மருந்து, மொத்தம் எவ்வளவு, கதிர்வீச்சு கொடுத்தார்களா, எந்த இடத்தில் என்ற விவரங்கள் அடங்கிய சிகிச்சைச் சுருக்கத்தைக் கேட்டு வாங்கி, பல் மருத்துவரிடம் போகும் ஒவ்வொரு முறையும் முதலில் அதை நீட்டுங்கள். பிடுங்குவதா, காப்பாற்றுவதா என்பதை அவர் சரியாக முடிவெடுக்க ஓ.பி.ஜி. படத்தோடு அந்த ஒரு தாளும் வேண்டும்.