உஷார்! இயேசுவைப் பூச்சாண்டி ஆக்காதீர்கள்

‘பொய் சொன்னா இயேசப்பா நாக்கை அறுத்துருவார்.’ ‘ஜெபம் பண்ணாமப் படுத்தா ராத்திரி சாத்தான் வந்துரும்.’ நம் கிறிஸ்தவத் தொடக்கப் பள்ளிகளிலும் ஞாயிறு பள்ளிகளிலும் வீடுகளிலும் இந்தப் பேச்சு இன்றைக்கும் சர்வ சாதாரணம். பிள்ளை ஒழுக்கமாக வளரவேண்டும், விசுவாசத்தில் நிலைக்கவேண்டும் என்ற அக்கறையில்தான் பெரியவர்கள் இப்படிச் சொல்கிறார்கள். ஆனால் டீச்சர்களே, பெற்றோர்களே, உஷார்! இந்த மிரட்டலால் ஒழுக்கமும் வளராது, விசுவாசமும் வளராது. தப்பை மறைக்கும் சாமர்த்தியம்தான் வளரும்.

ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்பில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு சிறுமியின் வாசனை ரப்பர் காணாமல் போய்விட்டது. “எடுத்தவங்க கை அழுகிப் போகும். இயேசப்பா பார்த்துக்கிட்டே இருக்கார்” என்றார் டீச்சர். வகுப்பே உறைந்துபோனது. கடைசி வரிசைப் பையன் ஒருவன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சற்று நேரத்தில் அவன் கையிலிருந்த ரப்பர் பக்கத்துப் பையனின் பைக்குள் போய்விட்டது. திருட்டோடு இன்னொரு பிள்ளைமேல் பழியும் சேர்ந்ததுதான் மிச்சம்.

இதை ஆய்வுகளும் சொல்கின்றன. விக்டோரியா தல்வார், காங் லீ என்ற உளவியலாளர்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளை ஒப்பிட்டு 2011-இல் வெளியிட்ட ஆய்வில், அடியும் தண்டனையுமாக நடந்த பள்ளியின் பிள்ளைகள்தான் அதிகம் பொய் சொன்னார்கள். பிடிபடாதபடி சாமர்த்தியமாகவும் சொன்னார்கள். அதே ஆய்வாளர்கள் மற்றவர்களுடன் சேர்ந்து 2014-இல் 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிச் சோதித்தார்கள். பொய் சொன்னதால் மூக்கு நீண்ட பினோக்கியோ கதையும், ‘புலி வருது’ கதை போன்ற ஓநாய்க் கதையும் பிள்ளைகளை உண்மை பேச வைக்கவில்லை. செர்ரி மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்டு அப்பாவிடம் பாராட்டு வாங்கிய ஜார்ஜ் வாஷிங்டன் கதையைக் கேட்ட பிள்ளைகளே அதிகமாக உண்மையை ஒப்புக்கொண்டார்கள். உண்மை சொன்னால் என்ன ஆகும் என்பது தெரிந்தால்தான் குழந்தைக்குத் தைரியம் வரும்.

நம் ஊர்ப் பக்கம் இந்த ஆபத்து இன்னும் பெரிது. மிஷனரி ரேனியஸ் ஐயர் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த காலந்தொட்டு, திருநெல்வேலிச் சீமைக் கிராமங்கள் பலவற்றில் கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரே கூரையின்கீழ் நடந்தன. வார நாளில் பாடம் எடுத்தவரே ஞாயிற்றுக்கிழமை ஜெபமும் நடத்தினார். எத்தனையோ தலைமுறைகளுக்கு எழுத்தறிவு தந்த பெருமை அந்த ஏற்பாட்டுக்கு உண்டு. ஆனால் அங்கே உட்கார்ந்திருக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு டீச்சரின் குரல் வேறு, கடவுளின் குரல் வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. டீச்சரின் கோபத்தைக் கடவுளின் கோபமாகவே அது எடுத்துக்கொள்ளும்.

ஆகவே, எந்தக் கதையை எந்த வயதில் சொல்கிறோம் என்பதில் உஷாராக இருங்கள். பொய் சொன்ன அனனியாவும் சப்பீராளும் விழுந்து செத்த கதையும், எலிசாவைக் கேலி செய்த பிள்ளைகளைக் கரடிகள் பீறிய கதையும் வேதத்தில் இருக்கின்றன. அவை ஒன்றாம் வகுப்புக்கானவை அல்ல. சகேயுவின் கதையைச் சொல்லுங்கள். மரத்தில் ஏறியிருந்த அந்த வரி வசூலிப்பவனை இயேசு திட்டவில்லை. ‘உன் வீட்டுக்கு வருகிறேன்’ என்றார். அதற்குப் பிறகே அவன், ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். அன்பு முதலில், திருந்துவது பிறகு.

எல்லாவற்றையும்விடப் பெரிய அபாயம் ஒன்று உண்டு. ‘பெரியவங்க சொன்னதை மீறினால் கடவுள் தண்டிப்பார்’ என்று பழக்கிய பிள்ளையிடம் கெட்ட எண்ணத்தோடு நெருங்குகிறவருக்கு வேலை சுலபம். வேதாகமத்தைக் கையில் வைத்திருப்பவர் தவறாகத் தொட்டால் அந்தப் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? எத்தனை பெரியவரானாலும் தப்பான தொடுதலுக்குக் கீழ்ப்படியத் தேவையில்லை, ‘யார்கிட்டயும் சொல்லாதே’ என்கிற ரகசியத்தைக் காப்பாற்றவும் தேவையில்லை என்பதை வேதபாட வகுப்பிலேயே சொல்லிக்கொடுங்கள். விஷயம் தெரிந்தால் சபைக்குள் பேசி முடிக்கப் பார்க்காதீர்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் புகார் செய்தே ஆகவேண்டும். தமக்குக் கீழ் வேலை பார்ப்பவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098.

நம் பள்ளிகளில் பிற மதப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில், பெற்றோரின் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மதபோதனையில் உட்காரவைக்க அரசியல் சட்டத்தின் 28(3) பிரிவு இடம் கொடுக்கவில்லை. அந்தப் பிள்ளைகளிடம் நரகத்தைப் பற்றிப் பேசிப் பயமுறுத்துவது சட்டத்துக்கும் ஆகாது, சாட்சிக்கும் ஆகாது.

இரவில் தனியாகப் படுக்க மிரளுகிற பிள்ளை, சின்னத் தவறுக்கும் ‘இயேசப்பா என்னை வெறுத்துட்டாரா?’ என்று திரும்பத் திரும்பக் கேட்கிற பிள்ளை, மனப்பாட வசனம் ஒப்பிக்கிற நாளில் மட்டும் வயிற்றுவலி என்கிற பிள்ளை. இவையெல்லாம் மிரட்டலால் வந்த பயத்தின் அடையாளமாக இருக்கலாம். இவர்களைக் கண்டால் அதட்டாமல் பக்கத்தில் உட்காரவைத்து என்னவென்று கேளுங்கள்.

ரப்பர் தொலைந்தால், ‘எடுத்தவங்க என் மேஜையில வச்சிடுங்க, நான் கோபப்பட மாட்டேன்’ என்று சொல்லுங்கள். சொன்னபடி கோபப்படாமலும் இருங்கள். வசனம் ஒப்பித்தவனுக்குப் பரிசு கொடுக்கும் அன்றைக்கே, சண்டை போட்டவனிடம் தானாகப் போய்ப் பேசியவனையும் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். நீங்கள் அநியாயமாகத் திட்டிவிட்டால் பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள். மனந்திரும்புதல் என்றால் என்ன என்பதை அதைவிட நன்றாக எந்தப் பாடப்புத்தகமும் கற்றுத் தராது.

சிறுபிள்ளைகளைத் தம்மிடம் வரவிடாமல் தடுத்தபோது இயேசு கோபப்பட்டது தம் சீஷர்கள்மேல்தான். இன்று அந்தத் தடையாக நிற்பது நம் மிரட்டல். நாளைக் காலை ஜெபக் கூட்டத்திலிருந்தே அதை நிறுத்துங்கள்.