அம்மிக்கல்லில் எறிந்த கடுகு

கரும்பொருளைத் தேடித் தோற்றுவிட்டார்கள் என்ற பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. பிரபஞ்சத்துப் பொருளில் சுமார் 85 சதவீதம் கண்ணுக்குப் புலப்படாத இந்தக் கரும்பொருளே என்று வானியல் அளவீடுகள் சொல்கின்றன. ஆனால் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், ஒன்றரை கிலோமீட்டர் ஆழச் சுரங்கத்தில் 7 டன் திரவ செனானோடு காத்திருக்கும் எல்இசட் கருவியில் அதில் ஒரு துகள்கூடச் சிக்கவில்லை. இதில் தோற்றது கரும்பொருளா, நம் எதிர்பார்ப்பா? செனான் அணுக்கரு புரோட்டானைவிட ஏறக்குறைய 130 மடங்கு கனமானது. அதற்கு ஈடான எடையுள்ள துகள் மோதினால்தான் அது நன்றாக அசையும். புரோட்டானில் பத்தில் ஒரு பங்கு எடையுள்ள துகள் மோதுவது, அம்மிக்கல்லில் கடுகை எறிந்த கதைதான். அது வரக்கூடிய உச்ச வேகத்தில் மோதினாலும் அதனிடமிருந்து செனானுக்குக் கிடைப்பது 1 எலக்ட்ரான் வோல்ட் அளவு ஆற்றலே. அதே துகள் ஹீலியத்தில் மோதினால் 30 வரை கிடைக்கும்.

லேசான பொருள்தான் வேண்டுமென்றால் ஹைட்ரஜன் இருக்கிறதே என்று கேட்கலாம். அது 14 கெல்வினிலேயே உறைந்து கட்டியாகிவிடும். ஹீலியமோ, அழுத்தம் கொடுக்காதவரை, எவ்வளவு குளிர்வித்தாலும் திரவமாகவே இருக்கும். 2.17 கெல்வினுக்குக் கீழே போனதும் அதன் கொதிப்பு சட்டென்று நின்று, உராய்வே இல்லாத மீப்பாய்மமாகிவிடுகிறது. மற்ற அசுத்தங்களெல்லாம் அந்தக் குளிரில் உறைந்து சுவரில் ஒட்டிக்கொள்வதால் திரவம் தானாகவே தூய்மையாகிறது. இதற்குள் ஓர் அணுக்கரு உதைபட்டால் ரோட்டான் எனப்படும் நுண்ணதிர்வுகள் கிளம்பும். மேற்பரப்பை எட்டும் ரோட்டான் ஒன்று, ஒரேயொரு ஹீலியம் அணுவை வெற்றிடத்துக்குள் எகிறவைக்கும். மேலே காத்திருக்கும் உணரியில் அந்த அணு போய் ஒட்டும்போது, ரோட்டான் கொண்டுவந்ததைவிடப் பல மடங்கு ஆற்றல் வெளிப்படுகிறது. செலவில்லாமல் கிடைக்கும் பெருக்கம் இது. சூரிய நியூட்ரினோக்களைப் பிடிக்கவென்று 1987-இல் பிரௌன் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் முன்வைத்த யோசனை இப்படிக் கரும்பொருள் வேட்டைக்குக் கைகொடுக்கிறது. ஒரு தொல்லையும் உண்டு. மீப்பாய்மம் மெல்லிய படலமாகச் சுவரேறி உணரியையே நனைத்துவிடும். ஹீலியம் ஒட்டாத ஓர் உலோகம் சீசியம். இந்த முறையில் கரும்பொருளைத் தேடும் அமெரிக்காவின் ஹெரால்ட் குழு அதைப் பூசி ஏற்றத்தைத் தடுத்தது. காற்றுப் பட்டாலே கெட்டுப்போகும் சீசியத்தைக் குளிர்கலனுக்குள் வைத்துப் பூசுவது லேசுப்பட்ட வேலையல்ல.

டன் கணக்கில் செனான் சாதிக்காததைச் சில கிலோ ஹீலியம் சாதிக்குமா என்பது அடுத்த கேள்வி. நம் அருகில் கரும்பொருளின் மொத்த அடர்த்தி ஏறத்தாழத் தெரிந்ததுதான். துகள் லேசாக இருந்தால் அதே அடர்த்திக்குள் எண்ணிக்கை பெருகும். அதனால் இங்கே பாத்திரத்தின் பருமனைவிட உணரியின் கூர்மைக்கே மதிப்பு. இதைவிட வலுவான ஆட்சேபம் வேறு. குளிர்நிலைக் கருவிகள் பலவற்றில் குறைந்த ஆற்றலில் காரணம் தெரியாத துடிப்புகள் குவிகின்றன. அவற்றிலுள்ள படிகத்தில் தேங்கிய இறுக்கம் தளர்வதே காரணம் என்பது பலரின் சந்தேகம். திரவத்தில் அப்படி இறுக்கம் தேங்க வழியில்லை. உணரியில் எழும் பொய்த் துடிப்பு அந்த ஓர் உணரியில் மட்டுமே தெரியும். உண்மையான மோதலில் அணுக்கள் பல உணரிகளில் ஒரே சமயத்தில் விழும். ஆனாலும் ஹெரால்டின் முதல் மாதிரிக் கருவி 145 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே எதையும் உறுதியாகப் பிரித்தறிய முடியாத நிலையில்தான் இருந்தது. மேலே சொன்ன 30-ஐ எட்ட, உணரிகள் குறைந்தது ஐந்து மடங்கு கூர்மையாக வேண்டும்.