கூடல் நகர் ஏன் முக்கியம்? அதிவேக ரயிலும் மதுரையின் நடைமேடைகளும்

மத்திய அரசின் 2026-27 பட்ஜெட்டில் ஏழு அதிவேக ரயில் தடங்கள் அறிவிக்கப்பட்டன. தமிழ்நாட்டுக்கு வருபவை இரண்டு: ஹைதராபாத்–சென்னை, சென்னை–பெங்களூரு. சென்னைக்குத் தெற்கே ஒன்றுமில்லை. மாநில அரசு 2025இல் ஆய்வுக்கு எடுத்த மூன்று மித அதிவேகத் தடங்களும் விழுப்புரம், வேலூர், சேலம் என்று முடிந்துவிடுகின்றன. மதுரைக்காரர்களுக்கு வருத்தம் வருவது நியாயமே. ஆனால் மதுரையின் உடனடி நெருக்கடி வேகம் அல்ல, ரயில் வந்து நிற்க இடம்.

இருக்கிற பாதையிலேயே வேகம் கூடிக்கொண்டுதான் வருகிறது. 1977 ஆகஸ்ட் 15 அன்று மீட்டர் கேஜில் ஓடத் தொடங்கிய வைகை எக்ஸ்பிரஸ் அன்றைக்கு ஒரு சாதனை. 2019இல் தேஜஸ் வந்தது. 2023 செப்டம்பரில் வந்த நெல்லை வந்தே பாரத், சென்னையிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் மதுரையில் இறக்கிவிடுகிறது. திருமங்கலம்–மதுரை இரட்டைப் பாதையும் 2023இல் முடிந்தது. போடி வரை அகலப்பாதை மீண்டதும் அதே ஆண்டில்தான்.

இத்தனையும் வந்து சேர்வது ஆறு நடைமேடைகள் கொண்ட ஒரே சந்திப்பில். திண்டுக்கல் பக்கமிருந்து வரும் ரயில் கூடல் நகர் நிலையத்தைத் தாண்டி, செல்லூர் ஓரமாக வந்து, வைகைப் பாலத்தில் ஏறினால் மதுரை வந்துவிடும். நடைமேடை காலியாக இல்லாவிட்டால் அது நிலையத்துக்கு வெளியே ‘அவுட்டரில்’ நிற்க வேண்டியதுதான். வழியில் மிச்சப்படுத்திய நிமிடங்கள் அங்கே கரைகின்றன.

இதன் கணக்கு எளிது. நெல்லைக்கோ நாகர்கோவிலுக்கோ போகிற ரயில் நடைமேடையில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். மதுரையிலேயே புறப்படும், முடியும் ரயில் அப்படியல்ல. காலிப் பெட்டிகளை யார்டிலிருந்து கொண்டுவந்து நிறுத்தி, பயணிகளை ஏற்றி அனுப்ப அரை மணிக்கு மேலும் ஆகும். வந்து முடிந்த ரயிலைப் பராமரிப்புக்காக பிட் லைனுக்கு இழுத்துப் போகும்வரை அந்த நடைமேடையில் வேறு ரயில் வர முடியாது. ஒரு ரயில் கிளம்பும் நேரத்தில் பல ரயில்கள் கடந்து போகலாம். மதுரையிலிருந்து புது ரயில் கேட்கும் ஒவ்வொரு கோரிக்கையும் முட்டி நிற்பது இந்தக் கணக்கில்தான்.

2022 மே 26 அன்று மதுரை நிலைய மறுசீரமைப்புக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். புதிய முனையக் கட்டடங்கள், பல அடுக்கு வாகன நிறுத்தம் என எல்லாம் தேவையானவை. மக்கள் நெரிசலை அவை குறைக்கும். ரயில் நெரிசல் வேறு விஷயம், அதற்குத் தண்டவாளம் வேண்டும். சந்திப்பைச் சுற்றிலும் நகரம் நெருங்கிவிட்டதால் பக்கவாட்டில் விரிவது கடினம்.

அதனால்தான் கூடல் நகரை இரண்டாவது முனையமாக்கக் கேட்கிறார்கள். திண்டுக்கல் பாதையிலேயே அமைந்த நிலையம் அது, நகரின் நெரிசலுக்குள் நுழையும் முன்பே வந்துவிடுகிறது. வடக்கே போகிற சில ரயில்களையாவது அங்கிருந்து கிளப்பினால், வைகைப் பாலமும் சந்திப்பும் அந்த அளவுக்கு மூச்சு விடும். இது புதிய யோசனையல்ல. எழும்பூரின் சுமையைத் தாம்பரம் பங்கிட்டுக்கொண்டது. பெங்களூரு, பையப்பனஹள்ளியில் விசுவேசுவரய்யா முனையத்தை 2022இல் திறந்தது.

பாதையையும் நடைமேடையையும் சேர்த்துப் பேசுவதற்கு லண்டன் ஓர் உதாரணம். அங்கே அதிவேக ரயிலுக்காக யூஸ்டன் நிலையத்தில் 11 நடைமேடைகள் என்று தொடங்கிய திட்டம், பத்தாகக் குறைந்து, 2023 அக்டோபரில் பர்மிங்காமுக்கு வடக்கே பாதை கைவிடப்பட்டபோது ஆறாகச் சுருங்கியது. சரியோ தவறோ, பாதையும் நடைமேடையும் அங்கே ஒரே தீர்மானமாகப் பேசப்பட்டன. இங்கே புதிய ரயிலுக்குக் கொடியசைப்பு விழா நடக்கிறது, அது நிற்கும் இடத்தைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

கூடல் நகருக்கும் ஒரு நிபந்தனை உண்டு. அதிகாலை நான்கு மணிக்குப் பெட்டி படுக்கையோடு இறங்குபவருக்கு ஆரப்பாளையம், மாட்டுத்தாவணி பேருந்து நிலையங்களுக்குப் பேருந்து கிடைக்க வேண்டும். திருமங்கலம்–ஒத்தக்கடை மெட்ரோ திட்டத்தை, மக்கள்தொகை 20 லட்சம் இல்லை என்று மத்திய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பிவிட்ட நிலையில், அந்தப் பொறுப்பு அரசுப் பேருந்தின் தலையில்தான் விழும். ரயில்வே முனையம் கட்டுவதும், போக்குவரத்துக் கழகம் இரவுத் தடங்கள் விடுவதும், மாநகராட்சி செல்லூர், ஆனையூர்ச் சாலைகளை அகலப்படுத்துவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். மூன்றையும் ஒரே மேசையில் வைத்துத் திட்டமிடும் வேலையை மாவட்ட நிர்வாகம் இப்போதே தொடங்கலாம், அதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை.